அடுப்பு என் அறையில் இருந்தது

நீ இப்போது மேசைக்குக் கீழே உட்கார்ந்து என் சப்பாத்து நாடாவைச் சப்பிக்கொண்டிருக்கிறாய். காலை இழுத்தால் அழுவாய். ஆகவே ஒரு காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை நீ வாசிக்கும்போது உனக்கு மீசை இருக்கும். ஒருவேளை கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருக்கும். தமிழ் வாசிக்கத் தெரியுமோ தெரியாது. தெரியாவிட்டால் யாரையாவது பிடித்து வாசிப்பி, ஆனால் அம்மாவிடம் கொடுக்காதே. ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் என்றால் நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, ஒரு பெருமூச்சு எல்லாம் வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு வயது. நரையும் இல்லை, பொறுமையும் இல்லை. நான் படித்தது குளிரூட்டல் தொழில். அமோனியாக் குழாய் கசிந்தால் கசிகிறது என்று சொல்வேன். கசிவு மாதிரி ஏதோ இருக்கலாம் போல என்று இழுத்துக்கொண்டு நின்றால் ஆள் சாவான். அதனால் விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை ஒரு விமானம் போகிறது, அதில் எனக்கு ஓர் இருக்கை இருக்கிறது. துபாயில் உள்ள என் பழைய கம்பனி, ஈரானில் ஆப்பிள் சேமிக்கிற குளிர்க்களஞ்சியங்களுக்கு இயந்திரம் பூட்டி ஓடவிடுகிற வேலைக்கு இரண்டு வருடத்துக்கு என்னைத் திரும்பக் கூப்பிடுகிறது. குடும்பத்தைக் கொண்டுபோக முடியாது. அதில் அவர்கள் கறார். நான் போனால் நீயும் அம்மாவும் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த ஒனிஹங்காவில், இந்த வீட்டில் தனியே. நான் திரும்பி வரும்போது நீ ஓடித் திரிகிற பிள்ளை, என்னை அங்கிள் என்று கூப்பிடுவாய். போவதா, இருப்பதா என்பதுதான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போட்ட குழாய்.

போகத் துடிப்பது ஏன் என்று கேட்பாய். நான் வேலை செய்வது மனுரேவாவில் ஒரு பெரிய குளிர்க்களஞ்சியத்தில். அங்கே நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கம்பிரசர் அறை சுவருக்கு அடுத்த பக்கம்; அதன் இரைச்சல் நாள் முழுவதும் என் காதில். ஆனால் அந்தக் கதவுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. இந்த நாட்டுச் சான்றிதழ் இல்லை. மெக்கானிக் வேலைக்கு ஆள் தேவை என்றபோது போய்க் கேட்டேன். மேலாளர் என் தோளில் தட்டி, மிக நல்லது, கட்டாயம் உங்களோடு தொடர்பு கொள்வோம் என்றார். நான் நம்பினேன். அவர் எடுக்கும்போது சத்தம் இருக்கக்கூடாது என்று வாரக்கணக்காக உன்னைக்கூட டெலிபோன் பக்கம் கத்த விடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணாதான் உண்மையைச் சொன்னார். அவர் தஞ்சாவூர்க்காரர். அங்கே சிவில் எஞ்சினியர், இங்கே டாக்ஸி ஓட்டுகிறார்.

“தம்பி, இந்த ஊர்ல அப்படிச் சொன்னா இல்லைன்னு அர்த்தம். மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க என்ன, நிஜமாவே போன் பக்கத்துல உக்காந்துட்டீங்களா?”

அவர் சிரித்த சிரிப்பில் நித்திரையாக இருந்த நீ எழும்பிவிட்டாய்.

குளிர் அறைக்குள் போகிற எவனும் முதலில் பார்க்கவேண்டியது கதவின் உள்பக்கத்தில் இருக்கிற தள்ளுகட்டையை. வெளியே பூட்டியிருந்தாலும் உள்ளே அகப்பட்டவன் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வந்துவிடலாம். இந்த வீட்டில் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று ஒரு வருடமாகத் தேடுகிறேன். விடிய முன் நான் வேலைக்குப் போகிறேன், பின்னேரம் வருகிறேன். நான் காரை நிறுத்தும்போது அம்மா வாசல் படலையடியில் கைப்பையோடும் உன்னோடும் ஆயத்தமாக நிற்பாள். உன்னை என் கையில் தந்துவிட்டு, முதியோர் இல்லத்து வேலைக்கு நடப்பாள். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவள், இங்கே கிழவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடுகிறாள். அவள் திரும்பும்போது நான் நித்திரை. ஞாயிறும் அவளுக்கு வேலை. சனிக்கிழமை உடுப்புத் தோய்ப்பிலும் சாமான் வாங்கலிலும் போய்விடும். ஆகவே எங்கள் குடும்ப வாழ்க்கை நடக்கிற இடம் படலைதான். “பால் அடுப்படியில கிடக்கு. உடம்பு கொஞ்சம் சுடுகிற மாதிரிக் கிடக்கு, பாத்துக்கொள்ளுங்கோ.” அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

துபாய்ச் செய்தியையும் நான் படலையில்தான் சொன்னேன். அன்றைக்கு வேலை முடிந்து வரும் வழியில் பயண முகவரின் கடையில் நின்றதால் கொஞ்சம் பிந்திவிட்டேன். அம்மா அவசரத்தில் இருந்தாள்.

“இஞ்சேர், துபாய்க்காரன் திரும்பக் கூப்பிடுறான். ரெண்டு வருசம். நீர் என்ன சொல்லுறீர்?”

அம்மா உன் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு நிமிராமலே சொன்னாள். “போங்கோ. நாங்கள் சமாளிப்பம்.”

போங்கோ என்றால் போங்கோ. எனக்கு அது போதுமாக இருந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பயணப்பெட்டியைத் தேடத் தொடங்கினேன்.

ஈரானைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். நான் முதன்முதல் போனபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாழ்ப்பாணம் தட்டையான ஊர். எங்கள் வீதியில் மிக உயரமானது தண்ணீர்த் தாங்கி. பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இறங்கி, கம்பிரசர் பெட்டிகளோடு லொறியில் வடக்கே ஏறினேன். மலை என்றால் நுவரெலியா மாதிரிப் பச்சையாக இருக்கும் என்ற நினைப்பு. அங்கே மலைக்கு உடுப்பே இல்லை. எலும்பு தெரிய நிற்கும். காலையில் சாம்பல், மத்தியானம் செங்கல், பொழுதுபடும்போது ஊதா. ஷிராஸில் தோடை மரங்கள் பூத்து, பஸ் நிலையம்கூட மணத்தது. இஸ்பஹானில் ஆற்றுப் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே ஆட்கள் போய் நின்று பாடுவார்கள், எதிரொலி நன்றாக வரும் என்பதற்காக மட்டும். தெஹ்ரானில் நகரம் முடிகிற இடத்தில் சுவர் மாதிரி பனிமலை. எந்தச் சந்தில் வழி தவறினாலும் மலை நிற்கிற பக்கம் வடக்கு. அவ்வளவு வசதியான நகரத்தை நான் பார்த்ததில்லை. தூரப் பயணத்தில் தொழுகைக்கு பஸ் நிற்கும். சாரதியும் முக்கால்வாசிப் பேரும் இறங்கிப் போவார்கள், நான் தேத்தண்ணீர்க் கடையில் சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் குடிக்கப் பழகினேன். திரும்ப ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் பிஸ்தாவோ வெள்ளரிக்காயோ நீட்டுவார். நீ என்ன சமயம் என்று கேட்டு ஒருவரும் இடம் மாறி உட்காரவில்லை. கொழும்பில் அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் மாறுகிற ஆட்களோடு வாழ்ந்துவிட்டுப் போனவனுக்கு அது பெரிய விஷயம். அங்கே நான் எஞ்சினியர். கை காட்டினால் கதவு திறந்தது. நான் திரும்பப் போக நினைப்பது சம்பளத்துக்காக மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எனக்கு மொழிபெயர்க்க பர்ஹாத் என்று என் வயதுப் பொடியன் ஒருவனைத் தந்திருந்தார்கள். அவன் பக்கத்தில் இல்லாத ஒருநாள், இஸ்பஹானில் தலைமயிர் வெட்டப் போனேன். வெட்டி முடிந்து எவ்வளவு என்று கையால் கேட்டேன். கடைக்காரர் கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சரித்து, வேண்டாம், உங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்கிற மாதிரி ஏதோ சொன்னார். என்ன நல்ல மனுசன் என்று நினைத்து, கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சந்தி திரும்பும்போது பின்னால் சத்தம். மனுசன் தோளில் துவாயோடும் கையில் கத்தரிக்கோலோடும் ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால், பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு இன்னொருவர், வேடிக்கை பார்க்க. நான் எதையோ மறந்து வைத்துவிட்டேன் ஆக்கும் என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மனுசன் ஓடி வந்தது காசுக்கு. பின்னேரம் இதைக் கேட்டு பர்ஹாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அவர்தானே வேண்டாம் என்றார்!” என்றேன்.

“அவர் சொல்லத்தான் வேண்டும். நீ திரும்ப நீட்டவேண்டும். அவர் திரும்ப வேண்டாம் என்பார். மூன்றாம் முறை நீட்டும்போதுதான் உண்மை வரும்.”

“அப்படியென்றால் முதல் இரண்டு முறையும் பொய்யா?”

“பொய் இல்லை, மடையா. முதல் முறை மரியாதைக்கு. இரண்டாம் முறை உன்னை அளந்து பார்க்க. மூன்றாம் முறை வாயைக் கேட்காதே, முகத்தைப் பார்.”

“அமுக்கம் அளக்கிற கேஜை மூன்று தரம் வாசிக்கவேண்டும் என்றால் அது பழுதான கேஜ்” என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது.

செமிரோம் இஸ்பஹானுக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கிற, ஆப்பிளுக்குப் பேர்போன சிற்றூர். அதற்கும் மேலே ஒரு கிராமத்தில் ஹாஜி ரஹ்மத் என்ற தோட்டக்காரர் கட்டிய களஞ்சியத்துக்கு இயந்திரம் பூட்டினோம். எல்லாம் முடிகிற நேரம் ஒரு வால்வு சரியில்லை என்று கண்டுபிடித்தேன். வேறு வால்வு எடுத்துவர பர்ஹாத் இஸ்பஹான் போனான். அவன் போன கையோடு பனி கொட்டிப் பாதை அடைத்துக்கொண்டது. நான் படுத்த காவல் அறையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. அதைக் கேள்விப்பட்ட ஹாஜி வந்து, என் கருவிப்பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

எனக்குத் தந்த அறையில் சுவரோடு சுவராகக் கம்பளம், முதுகுக்குத் தலையணைகள், நடுவில் வயிறு சிவக்க எரிகிற ஓர் எண்ணெய் அடுப்பு. சாப்பாட்டை ஹாஜியே கொண்டுவருவார். வீட்டுப் பெண்களை நான் காணவில்லை. காணக்கூடாது என்பது எனக்கும் தெரியும். கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். நான் எழும்பினால் ஹாஜி முன்னால் போய் “யா அல்லாஹ்” என்று குரல் கொடுப்பார். உள்ளே கால்கள் ஓடும், கதவுகள் சாத்தப்படும், பிறகு எனக்கு வழி. ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டையே கலைத்துவிட்டுப் போவது வெட்கமாக இருந்தது. அடக்கிக்கொண்டு இருக்கப் பழகினேன். ஜன்னலின் பாதிவரை பனி. கையில் இருந்த ஒரே புத்தகம் கம்பிரசர் கைநூல். அதை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் வாசித்தேன். சுவருக்கு அப்பால் ஒரு சின்னப் பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. அதன் இருமலை வைத்தே நேரம் சொல்லலாம் போல எனக்குப் பழகிவிட்டது.

பிறகு பாதை திறந்தது. கீழே பஸ் ஹார்ன் அடித்தது. நான் பாய்ந்து எழும்பி, கருவிப்பெட்டியைக் காட்டி, போகிறேன் என்று கையசைத்தேன். ஹாஜி கையை நெஞ்சில் வைத்தார். இல்லை, இல்லை, நீங்கள் போனால் என் வீடு இருண்டுவிடும் என்கிற அளவுக்கு அவர் சொன்னது எனக்கு விளங்கியது. நான் உட்கார்ந்தேன். அடுத்த பஸ்ஸுக்கும் அதே கதை. அதற்கு அடுத்ததற்கும். போகவேண்டும் என்று உடம்பெல்லாம் அரித்தது. கூட்டில் போட்ட மிருகம் மாதிரி அந்தக் கம்பளத்தின் ஓரத்தால் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஆனால் இவ்வளவு செய்த மனுசன் கையை நெஞ்சில் வைத்துக் கெஞ்சும்போது எப்படி எழும்பிப் போவது? இந்த ஆள் என்னை விடமாட்டார், அன்பாலேயே கொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பர்ஹாத் வால்வோடு வந்து சேர்ந்தான். கதவில் நின்றபடியே கேட்டான்.

“நீ இன்னும் இங்கேயா?”

“அவர் விடுகிறார் இல்லை.”

அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். “அந்த இருமல் எப்போது தொடங்கியது?”

“நான் வந்ததிலிருந்து கேட்கிறது.”

“நீ எஞ்சினியர்தானே. வெளியே வந்து கூரையைப் பார்.”

முற்றத்தில் நின்று பார்த்தேன். கூரையில் ஒரே ஒரு புகைக்குழாய். அது என் அறையிலிருந்து மேலே போனது. வேறு எங்கும் புகை இல்லை. அந்த வீட்டில் குளிர்காய இருந்த ஒரே அடுப்பை எனக்குத் தந்துவிட்டு, அவர்கள் எல்லோரும் பின்னறையில் போர்வைக்குள் கிடந்தார்கள். என்னைத் தாண்டாமல் அடுக்களைக்கும் போகமுடியாமல், நான் எப்போது எழும்பிப் போவேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் ஒரு வீடே என்னைச் சுற்றி அடைபட்டுக் கிடந்தது. இரண்டு பக்கமும் மரியாதை. ஒருவரும் கதவைத் தள்ளவில்லை.

அன்றே வால்வைப் பூட்டி முடித்துவிட்டு, பர்ஹாத் சொல்லித் தந்தபடி செய்தேன். கருவிப்பெட்டியை முதலே தோளில் போட்டுக்கொண்டேன். ஹாஜி வழக்கம்போல இருங்கள் என்றார். நன்றி, போகிறேன் என்றேன். இன்னும் பலமாக இருங்கள் என்றார், போகிறேன் என்றேன். மூன்றாம் முறை அவர் வாய் இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் முகத்தைப் பார்த்தேன். தோள்கள் ஓர் அங்குலம் கீழே இறங்கின. வால்வு திறந்து அமுக்கம் போகிற மாதிரித்தான். அதே நேரம் பின்கதவு விரலளவு திறந்து, ஒரு துணிமூட்டை வாசலுக்குத் தள்ளப்பட்டது. வழிக்கு ரொட்டியும் ஆப்பிளும். பஸ்ஸில் அவிழ்த்துப் பார்த்தோம். ரொட்டி பலகை மாதிரி இருந்தது. சுட்டு நாளாகிவிட்டது. முதல் பஸ் ஹார்ன் அடித்த அன்றே அந்த வீட்டுப் பெண் எனக்கு வழிச்சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, அன்றிலிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் அதைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றோம். பர்ஹாத்தும் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

இந்தக் கதையை நான் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு மனப்பாடம். போன கிழமை முருகேசன் அண்ணாவுக்கும் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“அதெல்லாம் சரி தம்பி. துபாய் விஷயத்தை வீட்ல எத்தனை தடவை கேட்டீங்க?”

“ஒருக்காத்தான். அவ அப்பிடி ஆள் இல்லை, அண்ணா. போங்கோ எண்டால் போங்கோதான்.”

“அப்படியா? எங்க வீட்டம்மா போயிட்டு வாங்கன்னு சொன்னா, நான் செருப்பைக் கழட்டி உள்ள வெச்சிருவேன்.”

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் திங்கட்கிழமை படலையில் திரும்பக் கேட்டேன். “இஞ்சேர், உண்மையாவே நான் போறதோ?”

“எத்தினை தரம் சொல்லுறது? போங்கோ எண்டுதானே சொன்னனான். விடுங்கோ, எனக்கு நேரமாச்சு.”

தெளிவான பதில். முருகேசன் அண்ணாவுக்கு விசர் என்று முடிவு செய்தேன்.

நேற்றுக் காலை வேலையில் என் குளிர் அங்கியைப் போட்டேன். குளிர்க்களஞ்சியத்துக்குள் போட்டுக்கொள்கிற தடித்த அங்கி. கம்பனியுடையது, விலகும்போது திருப்பிக் கொடுக்கவேண்டும். அதன் முன்பக்கத்தை இழுத்து மூடுகிற சிப் உடைந்து கனநாள். ஊசியால் குத்திக்கொண்டு திரிந்தேன். துபாய்ச் செய்திக்குப் பிறகு, உந்தச் சிப்பை விடும், திருப்பிக் குடுக்கிற உடுப்புத்தானே என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நேற்று அதில் புதுச் சிப் இருந்தது. மெல்லிய சாமான் இல்லை, தடித்த பித்தளைப் பல். அம்மாவின் கையால், இரட்டை நூலில், இரட்டை வரிசைத் தையல். தையல் எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு பொருளை எவ்வளவு காலத்துக்கென்று பூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். இது சனிக்கிழமைவரை தாங்கப் போட்ட தையல் இல்லை. ஃபோர்க்லிஃப்டில் இருந்துகொண்டு அந்தச் சிப்பை மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன். பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்தான். எனக்குச் செமிரோம் ரொட்டிதான் ஞாபகத்தில் நின்றது.

படலையில் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் உன்னை வாங்கினேன். அவள் போய் வேலை தொடங்கி, தேத்தண்ணீர் இடைவேளை வருகிற நேரம் பார்த்து, உன்னைத் தூக்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்கு நடந்தேன். பின்பக்கம், தோய்க்கிற துணி வண்டில்கள் நிற்கிற இடத்தில் உட்கார ஒரு வாங்கு. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“என்ன, பிள்ளைக்கு என்ன?”

“பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஒண்டு கேக்க வந்தனான். நான் போறதோ?”

அவள் என்னைப் பார்த்தாள். “மூண்டாந் தரமோ? ஈரான் முறையோ?”

“ஓம்.”

“நீங்கள் முதல் தரம் கேக்கேக்க டிக்கெட் உங்கட பொக்கற்றுக்குள்ள இருந்தது. உறை வெளியால தெரிஞ்சது. டிக்கெட்டை எடுத்துப்போட்டு வந்து நிண்டு, நீர் என்ன சொல்லுறீர் எண்டால், நான் என்னத்தைச் சொல்லுறது? உதுக்கு உங்கட பர்ஹாத் என்ன பேர் வைச்சிருக்கிறான்?”

உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். படலையில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

“அப்ப போகவேண்டாம் எண்டு சொல்லுமன்” என்றேன்.

“சொல்லமாட்டன். நான் சொல்லி, நீங்கள் இருந்து, பிறகு ஒவ்வொரு நாளும் அந்த மூஞ்சையோட வந்து பிள்ளையை வாங்கினால், அதை ஆர் பாக்கிறது? நானும் இஞ்ச அடைபட்டுத்தான் கிடக்கிறன், கிழவியளின்ர மூத்திரச் சீலையளோட. எனக்கு ஒருத்தரும் துபாயில இருந்து ஃபக்ஸ் அடிக்கேல்லை.”

உள்ளே யாரோ மணி அடித்தார்கள். நீ அவளுடைய மேலங்கியைப் பிடித்துக்கொண்டாய். அவள் உன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, உன்னை என் பக்கம் திருப்பிவிட்டு, போனாள்.

இவ்வளவையும் வியாழக்கிழமை எழுதி நிறுத்தினேன். இன்று சனிக்கிழமை.

நேற்று நான் டிக்கெட்டை வேண்டாம் என்று கொடுத்துவிட்டு, துபாய்க்கும் சொல்லிவிட்டேன். மேலாளரிடம் போய், எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வேலைநாளிலாவது வீட்டில் ஒரே நேரம் பொருந்துகிற மாதிரி என் வேலை முறையை மாற்றித் தரச்சொன்னேன். பார்த்துவிட்டுத் தொடர்பு கொள்கிறேன் என்றார். நான் நகரவில்லை, திரும்பக் கேட்டேன். பிறகும் கேட்டேன். மூன்றாம் முறை அவர் சலித்துக்கொண்டு பேனையை எடுத்தார். படலையில் அம்மாவிடம் இந்த முறை நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நான் போகேல்லை என்று மட்டும் சொன்னேன்.

“உங்களுக்கென்ன விசரோ? வந்த வேலையை விடுறதோ? போங்கோ” என்றாள். போகேல்லை என்றேன். “பிறகு என்னைச் சொல்லக்கூடாது, இப்பவே போங்கோ” என்றாள். போகேல்லை என்றேன். மூன்றாம் முறையும் அவள் வாய் போங்கோ என்றுதான் சொன்னது. நான் முகத்தைப் பார்த்தேன். அதை உனக்கு எழுதப்போவதில்லை, அது எனக்கு.

ஆனால் மகன், இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. கம்பிரசர் அறைக் கதவு நேற்றும் சாத்தித்தான் இருந்தது. அம்மா நாளைக்கும் அந்தச் சீலைகளைத் தோய்க்கப் போவாள். கொஞ்சத்துக்கு முன் நாங்கள் மூவரும் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றோம். மனுகாவ் குடாத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் எழும்பியது. மணி பார்க்காமலே எனக்குத் தெரியும், நான் ஏறாமல் விட்ட விமானம் அதுதான். அம்மா வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“கவலையோ?”

“இல்லை.”

இரண்டு சட்டை காயப்போட்டாள். “உண்மையாவோ?”

“இல்லை எண்டு சொன்னனெல்லே.”

எழுத்து வேலை கிடக்கிறது என்று சாட்டுச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன். ஜன்னலால் உங்கள் இருவரையும் பார்க்கிறேன். நீ கிளிப்புகளைப் புல்லில் கொட்டுகிறாய், அவள் பொறுக்கிப் போடுகிறாள், நீ திரும்பக் கொட்டுகிறாய். கூடையில் இன்னும் கொஞ்ச உடுப்புத்தான். அது முடிந்ததும் அவள் உள்ளே வந்து மூன்றாம் முறை கேட்பாள். வாயைக் கேட்கமாட்டாள். என் முகத்தில் அப்போது என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாது. தன் முகத்தைத் தானே வாசிக்க ஒருவனிடமும் கேஜ் இல்லை. அவள் அதில் என்ன கண்டாள் என்பதை, நீ வளர்ந்த பிறகு, இந்தக் கடிதத்தைக் காட்டாமல் அவளிடம் கேள். ஒன்றுமில்லை என்பாள். ஒருதரம் கேட்டுவிட்டு விட்டுவிடாதே.

கூடை வெறுமையாகிவிட்டது. வருகிறாள்.